இரண்டு பாக்கு தூரம்

ஷில்லாங்
11 மார்ச் 1996

அன்புள்ள தங்கை தெய்லினுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டிலும் மன்னிப்பை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். ஆகவே இதில் முதலிலேயே வைத்துவிடுகிறேன். சனிக்கிழமை நீ என் வாசலுக்கு வந்தாய். நான் தேநீர் கொடுத்தேன், பாக்கு கொடுக்கவில்லை. நீ கோப்பையைத் தொடாமல், வாழைப்பழக் கூடையைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, மகள் இபான்ரியைக்கூடப் பார்க்காமல் வந்த ஜீப்பிலேயே திரும்பிவிட்டாய். தவறு என்னுடையது. காரணத்தை வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வார்த்தை வருவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

காரணம் இதுதான். பல்வலி என்று சொல்லித்தான் இபான்ரியை என்னிடம் அனுப்பினாய். பல்லில் ஒன்றும் இல்லை. டாக்டர் கார்புலி என்றொரு அம்மாள், நம் இனத்துப் பெண்தான், பார்த்தார்.

"வாயைத் திறம்மா."

திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

"இவ்வளவுதான் டாக்டர். இதுக்கு மேல கதவு தொறக்காது."

"காரமா சாப்பிட்டா எரியுதா?"

"ரெண்டு வருஷமா கருவாட்டுச் சட்டினி பக்கமே போறதில்ல."

"ஒரு நாளைக்கு எத்தனை பாக்கு?"

"எண்ணுனதில்ல. இருபது இருக்கும். தோட்டத்துல குளிருச்சுன்னா முப்பது."

டாக்டர் என் விரலைப் பிடித்து அவள் கன்னத்தின் உட்புறத்தில் வைத்தார். பார்ப்பதற்கு வெளுத்துக் கிடந்தது. தொட்டால் தோலுக்கு அடியில் கயிறு கயிறாக ஓடியது. பாக்கிலுள்ள சத்து கன்னச் சதைக்குள் நாரை வளர்த்துவிடுகிறதாம். புகையிலை போடாதவர்களுக்கும் வருமாம். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இவளுக்கு ஒன்றரை விரல்தான் நுழைகிறது. அளவுகோலில் பத்தொன்பது மில்லிமீட்டர். நாற்பது இருக்க வேண்டும். கன்னத்திலிருந்து கடுகளவு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, அதையும் உறுதி செய்துவிட்டார்கள்.

"புற்றுநோயா?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"இல்லைங்க. ஆனா அதுக்குப் பக்கத்து வீடு. நூத்துல ஏழெட்டுப் பேர் அந்த வீட்டுக்குப் போயிடறாங்க. யாருன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது."

வாரம் ஒருமுறை கன்னத்துக்குள் ஊசி. தினமும் மாத்திரை. பல் இடுக்கில் ஐஸ் குச்சிகளை அடுக்கி வைத்து வாயை விரிக்கும் பயிற்சி. எல்லாவற்றுக்கும் முதலில் பாக்கை நிறுத்த வேண்டும், ஒரு துண்டுகூடக் கூடாது. கண்ணில் பட்டால் கை தானாக அங்கே போய்விடும் என்றாள் இபான்ரி. அதனால் இந்த வீட்டுப் பாக்குத் தட்டை எடுத்து மறைத்தேன். இது என் மனைவி ஸெலினாவின் வீடு. நாற்பது வருடத்தில் இங்கே நான் இட்ட முதல் உத்தரவு அது. அதுவே உன்மேல் வந்து விழுந்தது.

என் கணிப்பில் தவறு இருந்தால் எழுது.

உன் அண்ணன்
தொன்போக்


உம்ஸ்லி
19 மார்ச்

அண்ணனுக்கு,

நான் உன்னை மாதிரி படிச்சவ இல்ல. வாயில வர்றதை அப்படியே எழுதுறேன். கோபமா இருந்தா அது கோபம்தான்.

வீட்டுலேர்ந்து ஜீப் ரோட்டுக்கு ரெண்டு பாக்கு தூரம். ஒண்ணு மென்னு முடிக்கிறப்போ ஓடைப் பாலம், ரெண்டாவது முடியறப்போ ரோடு. முழங்கால் வலியோட அதை நடந்து, அஞ்சு மணி நேரம் ஜீப்புல குலுங்கி, பொறந்த அண்ணன் வாசல்ல வந்து நின்னா, தேத்தண்ணி. கடன் கேட்டு வர்றவனுக்குக்கூட நாம முதல்ல பாக்கைத்தானே நீட்டுவோம்? எதிரியே வந்தாலும் பாக்கைக் குடுத்துட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்போம். பாக்கு குடுக்காட்டி 'வா'ன்னு சொல்லலேன்னு அர்த்தம். ஜீப் டிரைவர் அக்கா முறை வெச்சுக் கேட்டான், "என்ன கோங், அண்ணன் வீட்டுல யாரும் இல்லியா?" இல்லேன்னேன்.

நம்ம அம்மா தொண்ணூறு வயசு வரைக்கும் மென்னா. பல்லு போனப்புறம் உரல்ல இடிச்சுக் குடுத்தேன். அவளுக்கு நார் வளரல. நான் முப்பத்தஞ்சு வருஷமா தோட்டத்துல கிடக்கேன், என் வாய் எவ்வளவு திறக்கும்னு உனக்கே தெரியும். அந்த டாக்டரம்மா கமுகு மரத்தை எங்கேயாச்சும் பார்த்திருக்காளா?

நீ தாய்மாமன். நம்ம வழக்கத்துல நீ சொல்றதுதான் இந்த வீட்டுக்குச் சட்டம். ஆனா நீ என்னைக்குச் சொன்னே? இப்ப சொன்னதும் எனக்கு நீட்டற பாக்குத் தட்டு மேலயா?

மில்லிமீட்டராம். முப்பத்திநாலு வருஷம் சோரா வானிலை ஆபீஸ்ல மழையை அளந்தியே, அது நின்னுதா?

புள்ளையை அனுப்பி வை.

தெய்லின்


ஷில்லாங்
2 ஏப்ரல்

அன்புள்ள தெய்லினுக்கு,

நிற்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதை டாக்டரிடம் கேட்டேன். எல்லாருக்கும் வருவதில்லையாம். ஏன் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை என்பது அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. "தெரியாது" என்று ஒரு மருத்துவர் சொன்னதால் அவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடியது. உனக்குக் குறையலாம். டாக்டர் பிறந்ததே கமுகந்தோட்டத்தில்தான். போன வருடம்வரை அவரும் தினம் பதினைந்து போட்டவர்.

மூன்று ஊசி முடிந்தது. பழைய மழைக் குறிப்பேட்டில் மீதியிருந்த பக்கங்களில் கோடு போட்டுக்கொண்டேன். காலை எட்டரைக்கு அளக்கிறேன். ஒரு அளவை நான் எப்போதும் நம்புவதில்லை, ஆகவே இரண்டு முறை. 19, 19, 20, 20, 21. அளவுகோலை எடுத்தாலே இபான்ரி கேட்கிறாள், "மாமா, இன்னைக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை?" ஐஸ் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருகிறாள். பதினொரு குச்சி. பன்னிரண்டாவதைச் செருகும்போது கண்ணில் நீர் வருகிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. உன் வாழைப்பழக் கூடையின் அடியில், இலையில் சுற்றிய நாற்பது பாக்கு இருந்தது, வெற்றிலையும் சுண்ணாம்பும் தனித்தனியாக. ஒரு தாய் மகளுக்கு வேறு என்ன வைப்பாள்? குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முன்பே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் போனபோது நாற்பதில் முப்பத்தாறுதான் இருந்தது.

"மாமா, நாலே நாலுதான்" என்றாள். "அம்மா கை மணம் இருந்துச்சு. துப்பிடலாம்னுதான் போட்டேன்."

நான் திட்டவில்லை. எனக்குத் திட்டத் தெரியாது. மீதியைத் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்தேன். புதைக்கும்போது எனக்கே வாய் ஊறியது. நானும் நிறுத்தி இருபத்தாறு நாள் ஆகிறது. மறுநாள் அளவு மீண்டும் இருபது. அந்த நாலு பாக்கினால் இருக்காது, ஒரே இரவில் அப்படி நடக்காது என்றார் டாக்டர். ஆனாலும் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் தோன்றுகிறது.

அனுப்பி வைக்க முடியாது, தெய்லின். தாய்மாமன் என்ற முறையில் சொல்கிறேன் என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்ததைத் திரும்ப எழுதுகிறேன். தாய்மாமன் என்ற முறையில் சொல்கிறேன்.

தொன்போக்


உம்ஸ்லி
14 ஏப்ரல்

அண்ணனுக்கு,

பாக்கை மண்ணுல புதைச்சியா. முளைச்சா உன் பொண்டாட்டிக்குத் தோட்டம்.

சரி, நீ பெரிய கணக்குக்காரன். கயிறு கயிறா நார்னு எழுதினே. யாரு திரிச்ச கயிறு அது? எல்லாம் என் தலையில வந்து விழுது. சர்ச்சுல பாஸ்டர் சம்சாரம் கேட்கிறா, "சின்ன வயசுலேயே பழக்கிட்டியா தெய்லின்?" நான் பழக்கல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவளுக்கு ஆறு வயசு. மழைக்கால லீவுக்கு சோராவுக்கு, உன்கிட்ட அனுப்பினேன். திரும்பி வந்தப்போ உதடு செவந்திருந்துச்சு. "யாரு குடுத்தா?"ன்னேன். "மாமா"ன்னா. நான் சிரிச்சேன். அப்ப சிரிப்பாத்தான் இருந்துச்சு. அடுத்த நாள்லேர்ந்து நானும் குடுத்தேன்.

நீ எல்லாத்தையும் எழுதி வெப்பியே. உன் புஸ்தகத்துல போய்ப் பாரு.

தெய்லின்


ஷில்லாங்
30 ஏப்ரல்

அன்புள்ள தெய்லினுக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள், நீ கோபத்தில் எழுதியிருப்பாய், அப்படி நடந்திருக்காது என்று இருந்தேன். பிறகு பரணிலிருந்து குறிப்பேடுகளை இறக்கினேன். எழுபத்து மூன்றையும் எழுபத்து நான்கையும் முதலில் பார்த்தேன். அவளுக்கு ஆறு வயது எழுபத்தைந்தில்தான் என்று தெரிந்தும், அந்த வருடத்தைக் கடைசிக்கு வைத்தேன்.

அப்படியே பிரதி எடுக்கிறேன்.

9 ஜூலை 1975. காலை 8.30. 212.4 மி.மீ. குறிப்பு: இபான்ரி உடன் வந்தாள். நனைந்து நடுங்கினாள். கால் பாக்கு கொடுத்தேன். அழுகை நின்றது.

என் கையெழுத்து. கோணல்கூட இல்லை. குறிப்புப் பகுதியில் வானிலை தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது என்பது விதி. முப்பத்திநாலு வருடத்தில் அந்த விதியை மீறி நான் எழுதிய ஒரே வரி அதுதான் என்று நினைக்கிறேன். சந்தோஷத்தில் எழுதியிருக்க வேண்டும். அழுகிற குழந்தையை நிறுத்தத் தெரிந்த சந்தோஷம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்குக் குறிப்பேடு இல்லை. போன வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன் இல்லையா? இபான்ரி ஆரஞ்சுச் சுளையை மூன்றாகப் பிய்த்து, ஒவ்வொன்றாக உதட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். சோற்று உருண்டையைத் தட்டையாக அமுக்கி நுழைத்தாள். பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று நினைத்தேன். பிறகு, கிழவன் கண்ணுக்குத் தோன்றுவதெல்லாம் சரியாக இருக்குமா, பெண்பிள்ளை சாப்பிடுவதை உற்றுப் பார்த்தோம் என்று நினைப்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்றே சொல்லியிருந்தால் என்ன அளவு இருந்திருக்கும்? டாக்டரிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

குறிப்பேட்டை இபான்ரியிடம் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியவில்லை.

"அட, இருநூத்தி பன்னெண்டா? நல்ல மழைதான் மாமா" என்றாள். அந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு, "எனக்கு அந்தக் கால் துண்டு இன்னும் ஞாபகம் இருக்கு. உள்ளே போனதும் காதெல்லாம் சூடாச்சு. யாரோ போர்வை போத்தின மாதிரி. நீங்க அன்னைக்குக் குடுக்காட்டி அடுத்த நாள் சந்தையில யாராவது குடுத்திருப்பாங்க" என்றாள்.

என்னை ஆறுதல்படுத்துகிறாள். யார் யாரை ஆறுதல்படுத்த வேண்டும் என்பதே தலைகீழாகிவிட்டது.

ஆறு ஊசிக்குப் பின் அளவு இருபதில் நிற்கிறது. நேற்று டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, நாக்கின் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு திட்டு இருக்கிறது என்றார். சுண்டுவிரல் நகத்தளவு. வலி இல்லை. மறுபடி சிறு துண்டு வெட்டி எடுத்து குவாஹாத்திக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "வெள்ளையை விட சிவப்புக்குத்தான் நாங்க பயப்படுவோம்" என்றார்.

நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் நல்லது.

தொன்போக்


உம்ஸ்லி
12 மே

அண்ணா,

அந்தக் கால் பாக்கை நான் எழுதியிருக்கக் கூடாது. என் தலையில இருந்ததை உன் தலையில இறக்கி வெச்சேன். இறக்கியும் எனக்குப் பாரம் குறையல.

நானும் நிறுத்திப் பார்த்தேன். அவளால முடியுதுன்னா எனக்கென்னன்னு. மொத நாள் தலை கனத்துச்சு. ரெண்டாம் நாள் கோழியைத் திட்டினேன். மூணாம் நாள் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினேன். நாலாம் நாள் அவளே வந்து, "கோங், இந்தா, போட்டுக்கோ, ஊரு தாங்காது"ன்னு நீட்டினா. போட்டுட்டேன். அம்பத்தெட்டு வயசுல என்னால மூணு நாள் தாங்க முடியல. அவ நாலு பாக்கு போட்டதுக்கு நீ நாலையும் எண்ணி எழுதுறே.

தோட்டத்தை என்ன செய்யறது? கடைசிப் பொண்ணு அவ, எனக்கப்புறம் வீடும் மரமும் அவளுக்குத்தான். வெட்டிடலாம்னா எதை வித்துச் சோறு திங்கறது? வெட்டாம வெச்சா அவ எதுக்கு நடுவுல வாழ்றது? சாயங்காலம் மரத்துக்கு அடியில நின்னு மேலே பார்த்தேன். குலை நல்லா விட்டிருக்கு இந்த வருஷம். நல்லா விட்டிருக்கேன்னு சந்தோஷப்படவா?

ராத்திரி ஒண்ணு தோணிச்சு. செத்தவங்களை நாம என்ன சொல்வோம்? கடவுள் வீட்டுல பாக்கு மெல்றாங்கம்போம். அம்மா அங்கேதான் மெல்றா. நானும் போய் அவ பக்கத்துல உட்கார்ந்துடுவேன். என் புள்ளை அங்கே போயும் சும்மா உட்கார்ந்திருக்கணுமா?

எழுதக் கூடாததை எழுதிட்டேன். குவாஹாத்திக்காரன் என்ன சொன்னான்னு உடனே எழுது. சுத்தி வளைக்காதே.

தெய்லின்


ஷில்லாங்
6 ஜூன்

அன்புள்ள தெய்லினுக்கு,

சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய் இல்லை. ஆனால் அந்தத் திட்டிலுள்ள அணுக்கள் கடுமையாக மாறியிருக்கின்றன. இதற்கு அடுத்த படி அதுதான். வெட்டி எடுத்துவிட வேண்டும்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி, குவாஹாத்தியில். திட்டை எடுக்கும்போதே கன்னத்து நாரையும் அறுத்து வாயை விரிப்பார்கள். "அப்புறம் சரியாகிடுமா?" என்று இபான்ரி கேட்டாள். "அப்புறம் குச்சி வெச்சுப் பயிற்சி செய்யணும், இல்லேன்னா திரும்ப இறுகிடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்" என்றார் டாக்டர். "எத்தனை நாளைக்கு?" "பார்த்துக்கிட்டே இருக்கணும்மா." வீட்டுக்கு வரும் வழியில், "மழை மாதிரி" என்று மட்டும் சொன்னாள். இப்போதெல்லாம் அளவுகோலை எடுத்தால் கேலி செய்வதில்லை. தானே வந்து முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கிறாள். இன்று பத்தொன்பது. தொடங்கின இடம்.

சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என்னென்ன ஆகலாம் என்று ஒன்பது வரி அச்சிட்டிருந்தது. ஒன்பதையும் இரண்டு முறை படித்தேன். அப்படிப் படித்ததில் ஒரு பயனும் இல்லை.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறோம். அவள் உன்னைக் கேட்கவில்லை. ஆனால் வாசலில் ஜீப் நின்றால் எழுந்து பார்க்கிறாள். நீ வர வேண்டும். உன் மரியாதைக்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன், சரியா என்று தெரியவில்லை. எதிர்வீட்டு பாஹ் ஸ்டிவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பாக்குத் தட்டு அவர் வாசலில் இருக்கும். நீ வண்டியை விட்டு இறங்கியதும் நான் அங்கே வந்து என் கையால் உனக்குப் பாக்கு தருவேன். நீ அங்கேயே மென்று, வாயைக் கொப்பளித்துவிட்டு, பிறகு சாலையைக் கடந்து என் வீட்டுக்குள் வரலாம். செம்பில் தண்ணீரும் வைப்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

தொன்போக்


ஜீப் ரோடு, மண் சரிஞ்ச இடம்
17 ஜூன்

அண்ணா,

அந்தப் பக்கம் நடந்து போற ஒரு மரவியாபாரிகிட்ட இதைக் குடுத்து விடுறேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள உன் கையில கிடைக்கணும்னு சொல்லியிருக்கேன். தலையாட்டினான்.

விடிய முன்னே கிளம்பினேன். பாக்கு எடுத்துக்கல. எதிர்வீட்டு வாசல்ல நின்னு மென்னு துப்பிட்டு வர்ற கூத்தெல்லாம் வேண்டாம் அண்ணா. வெறும் வாயோடவே உன் வீட்டுக்குள்ள நுழையணும்னு நெனச்சேன். நீ தேத்தண்ணி குடு, குடிக்கிறேன். அறுக்கப் போறதுக்கு முன்னே அவ மூஞ்சிகிட்ட போய்ப் பேசணும், பாக்கு மணம் அடிக்கக் கூடாது.

வெறும் வாயோட நடந்தா வழியே தெரியல. ஒண்ணு முடிஞ்சா பாலம், ரெண்டு முடிஞ்சா ரோடுன்னு பொறந்ததுலேர்ந்து பழக்கம். பாலம் எப்ப வந்துச்சுன்னே தெரியல. தாண்டிப் போயிட்டேன்னு நெனச்சு ஒரு தடவை திரும்பிக்கூட வந்தேன். ஆயிரம் தடவை நடந்த வழி.

ரோட்டுக்கு வந்தா ரோடே இல்ல. ராத்திரி மழையில மலை இறங்கியிருக்கு. ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது. மூணு நாள் ஆகும்னு சொல்றாங்க. சேத்துல ஏறித் தாண்டிப் பார்த்தேன், முழங்கால் விடல. ரெண்டு பேர் பிடிச்சு இழுத்து இந்தப் பக்கமே விட்டாங்க.

அதனால நான் வரல. வரலேன்னு அவகிட்ட சொல்லாதே. ரோட்டுல நிக்கிறேன்னு சொல்லு.

அறுத்து முடிச்சதும் எத்தனை மில்லிமீட்டர்னு எழுது. மறுநாளும் எழுது. ரெண்டு தடவை அளந்துட்டே எழுது. எவ்வளவா இருந்தாலும் எழுது.

ஒரு கல்லு மேல உட்கார்ந்திருக்கேன். நின்னுபோன வண்டிக்காரங்க, சந்தைக்குப் போற பொம்பளைங்க, ரோடு வெட்டறவங்க, யாரு பக்கத்துல வந்து உட்கார்ந்தாலும், "கோங், இந்தாங்க"ன்னு பாக்கை நீட்டுறாங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. வாங்கி வாங்கி மடியில வெச்சுக்கிறேன். மத்தியானத்துக்குள்ள மடி நிறைஞ்சு போச்சு.

தெய்லின்